பதுளையில் ஓய்வுகால முதலீடு: வாடகை வீடும் நிலையான வைப்பும்

ஓய்வுபெற்றவர் வாடகை வீட்டை வைத்திருப்பதா, விற்று வங்கியில் போடுவதா என்ற கேள்விக்கு ஆண்டு வருமான விகிதத்தைக் கொண்டே விடை சொல்வது வழக்கம். பதுளைக்கு அந்த அளவுகோல் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணக்கு வைப்புக்கே சாதகமாகத் தோன்றும். எடுத்துக்காட்டாக, ஒரு கோடி ரூபா பெறுமதியான வீடு மாதம் 35,000 ரூபா வாடகை தந்தால் அது ஆண்டுக்கு 4.2 சதவீதம். 8 சதவீத வைப்பு ஏறக்குறைய இருமடங்கு தரும். கூரை ஒழுகும் கவலையும் இல்லை. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் திறைசேரி உண்டியல்கள் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி தந்தன என்று மறுக்கலாம். அது அப்போது கையில் பணம் வைத்திருந்தவருக்குக் கிடைத்த இலாபம். முந்திய ஆண்டே ஐந்தாண்டு வைப்பில் பூட்டியவருக்கு அல்ல. பின்னர் பணவீக்கம் தணிந்தது, விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. வைப்பின் முதல் இழந்த வாங்கும் சக்தி மீளவே இல்லை. வீட்டுக்காரரோ அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையைத் திருத்தி எழுத முடிந்தது.

வாடகைக்கும் அதன் சோதனை உண்டு. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக மாணவரை நம்பி போர்டிங் அறை கட்டியவர்கள், 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது அதைக் கண்டார்கள். ஒரே வகைக் குடியிருப்பாளரை நம்பும் வீடு, ஒரே வங்கியில் போட்ட பணத்தைவிடப் பாதுகாப்பானதல்ல.

தோட்டத் தொழிலாளிக்கு இந்தக் கேள்வியே எழுவது அரிது. நாட்கூலிக்காரருக்குப் பணிக்கொடை, சேவையாண்டு ஒன்றுக்கு 14 நாட் சம்பளம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி, முப்பது ஆண்டு உழைத்தவருக்கு 5,67,000 ரூபா. சேமலாப நிதியைச் சேர்த்தாலும் நகரில் வீடு வாங்கக் காணாது. தலைமுறைகளாக வாழ்ந்த லயக் காம்பராவுக்கும் உறுதி கிடையாது. விற்கவோ அடகு வைக்கவோ வழியில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையான பின்னும், 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பின்னும் நிலை மாறவில்லை. ஓய்வுகால முதலீடு பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ஆசிரியர், எழுதுவினைஞர், கடைக்காரர் போன்றோருக்கே பொருந்துகின்றன. தொழிலாளிக்கு முதல் முதலீடு ஒரு துண்டுக் காணியும் அதற்கான உறுதியுமே.

உறுதி இருந்தாலும் மண் நிற்க வேண்டும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. வட்டி குறைந்தால் வருமானம்தான் குறையும். சரிவில் முதலும் போகும், ஆளும் போவார். ஆபத்தான இடத்து வீட்டை விவரம் மறைத்து விற்று நழுவுவதும் முதலீட்டுத் திறமையாகாது.

ஆகவே, தெளிவான உறுதியும் உறுதியான நிலமும் ஓராண்டுச் செலவுக்கான வைப்பும் உள்ளவர் வீட்டை விற்கத் தேவையில்லை. வைப்பு இல்லாதவர், இரண்டு வீடு இருந்தால் ஒன்றை விற்பதே சரி. எப்படியாயினும், வட்டி வீதத்தைப் பார்க்கும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிலையத்திடம் அந்த நிலத்தின் மண்சரிவு அபாயத்தைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.