அப்பத்தா பர்மாவுக்குப் போனாரா?

யுத்த காலத்தில் அப்பத்தா பர்மாவில் நர்ஸாக இருந்தார். எங்கள் வீட்டில் யாரும் சந்தேகிக்காத செய்தி இது. அத்தாட்சி கேட்டால், அவருடைய தகரப்பெட்டியிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்துக் காட்டுவார்கள். அதே பெட்டியின் அடியில் ஒரு பதிவுச் சான்றிதழும் அட்டை பிய்ந்த நோட்டு ஒன்றும் கிடந்தன. அவற்றை எவரும் பொருட்படுத்தியதில்லை.

பதக்கத்தின் ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜின் தலை. மறுபக்கம் இந்திய வரைபடமும் 1939–45 என்ற ஆண்டுகளும். இது இந்திய சேவைப் பதக்கம். போர்முனைக்குச் செல்லாமல் இந்தியாவுக்குள்ளேயே மூன்றாண்டு பணிபுரிந்த படையினருக்குத் தரப்பட்டது. பர்மாப் போர்முனையில் இருந்தவர்களுக்கு உரியது ‘பர்மா ஸ்டார்’. அது பெட்டியில் இல்லை. ஆனால் இல்லாத ஒன்றைச் சான்றாகக் கொள்ள முடியாது, தொலைந்தும் போயிருக்கலாம்.

சான்றிதழ், 1926ஆம் ஆண்டின் மதறாஸ் நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டப்படி வழங்கப்பட்டது. பதிவான ஆண்டு 1943. பதக்கத்துக்கான மூன்றாண்டுக் கணக்கு 1945 செப்டம்பர் 2உடன் முடிகிறது. அப்படியானால் 1942 செப்டம்பர் தொடக்கத்துக்குள் அவர் படைப்பணியில் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் வேலை, பிறகு பதிவு என்று நடந்திருக்கக் கூடாதா? கூடும். சான்றிதழ் மட்டும் வழக்கைத் தீர்க்கவில்லை.

தீர்த்தது அந்த நோட்டு. அது ‘கேஸ் புக்’: மருத்துவச்சிப் பயிற்சியில் இருப்பவர் தாம் பார்த்த பிரசவங்களை வரிசையாக எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கும் ஏடு. முதல் பேறுக்காரி ‘பிரைமி’, மற்றவர் ‘மல்ட்டி’. பதிவுகள் 1942 ஜூலையில் தொடங்கி 1943 பிப்ரவரி வரை இடைவெளியின்றி ஓடுகின்றன. இடம், மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பதக்கம் அவருடையதல்ல. பட்டாளத்தில் இருந்த அவருடைய அண்ணனுடையதாக இருக்கலாம் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே.

பிறகு பர்மா எங்கிருந்து வந்தது? அதற்கும் நோட்டிலேயே தடயம் இருந்தது. சில பதிவுகளின் ஓரத்தில் ‘ரங்கூன்’ என்று எழுதியிருக்கிறார். கணவன் அங்கே வேலையில் இருப்பதைக் குறித்திருப்பார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். இராமநாதபுரம் ஜில்லாவில் அது சாதாரணம். ஆனால் ஆகஸ்ட் மாதப் பதிவு ஒன்றில் ‘எவாக்குவீ’ என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. போருக்கு அஞ்சி வெளியேறி வந்தவர்களை அரசு அப்போது அப்படித்தான் அழைத்தது. பக்கத்தில் ‘மலேரியா, பாதத்தில் புண்’.

ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. நகரம் விழுந்தது 1942 மார்ச்சில். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலேறினார்கள். லட்சக்கணக்கானோர் அரக்கான், மணிப்பூர் வழியாக நடந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிறந்தது நிறைமாதக் குழந்தை. ஆகஸ்டிலிருந்து பின்னோக்கி எண்ணினால் கரு தரித்தது நவம்பர் வாக்கில், முதல் குண்டு விழுவதற்கு முன். வயிற்றுப் பிள்ளையோடுதான் அவள் பர்மாவைவிட்டு வந்திருக்கிறாள். புண்ணைப் பார்த்தால் நடந்து வந்தவள் என்றே தோன்றுகிறது. எப்படியோ மதுரைவரை வந்து, பயிற்சி மாணவி ஒருத்தியின் கையில் பிள்ளையைப் பெற்றிருக்கிறாள்.

அப்பத்தா பர்மாவுக்குப் போகவில்லை. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குப் பிரசவம் பார்த்தார். அவர் சொன்ன கதைகள் அந்தப் பெண்கள் சொன்னவையாக இருக்க வேண்டும். கேட்டவர்கள் கதையையும் பதக்கத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளைத் தேடலாம். பயிற்சி மருத்துவச்சியின் நோட்டை வீட்டுப் பெட்டியில்தான் தேட வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு நர்ஸம்மா இருந்திருந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுமுன் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.