ஊட்டியும் ஸ்னூக்கர் குச்சியும்

ஸ்னூக்கருக்கு விதிகள் எழுதப்பட்டது லண்டனில் அல்ல, நம்ம கோவைக்குப் பக்கத்து ஊட்டியில் என்பது தெரியுமா? 1875-ல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் தொடங்கிய ஆட்டம் இது. (பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் வேறு ஆள்!) 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் விதிகளை எழுதி ஒட்டினார்கள்.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பிரான்சில் மிங்கோ என்ற ராணுவ அதிகாரி குச்சியின் நுனியில் தோல் பொருத்திவிட்டார். பந்தைச் சுழல வைப்பது அந்தத் தோல்தான், முதலில் தேய்வதும் அதுதான். குச்சியை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு திருகும். நுனி பந்தின் ஓரத்தில் பட்டு வழுக்கும்.  தளர்வாகப் பிடித்தால் குச்சி நேராகப் போகும். இப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. ஆனால் பிடி சரியில்லை என்றால் ஆட்டமே காட்டிக் கொடுத்துவிடும்.