கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழும் காணாமல் போன வாரண்டியும்

ஆண்ட்ராய்டு போன் இந்தியாவுக்கு வந்தது 2009ல். ஏர்டெல் கம்பெனி எச்.டி.சி. மேஜிக் என்ற போனைக் கொண்டு வந்து விற்றது. தொடுதிரை, மேப், ஜிமெயில் எல்லாம் அதில் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இல்லை. தமிழ்! தமிழ் தளம் எதைத் திறந்தாலும் எழுத்துக்குப் பதிலாக வரிசையாகச் சின்னச் சின்ன கட்டங்கள்தான் தெரியும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய போன், சொந்த மொழியைக் காட்ட மாட்டேன் என்றது.

ரூட் செய்வது என்றதும் பலரும் நினைப்பது கேம், ஓசி ஆப், ஓவர்கிளாக் இதெல்லாம்தான். ஆனால் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 2010, 2011 வாக்கில் கணிசமான பேர் அந்தப் பக்கம் போனதற்கு எழுத்துருவும் ஒரு காரணம். இந்த வரலாறு அதிகம் எழுதப்படவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ரூட் என்றால் என்ன? ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ். லினக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள பயனருக்கு 'ரூட்' என்று பெயர். போனை விற்கும் கம்பெனி அந்த அதிகாரத்தை வாங்கியவருக்குக் கொடுப்பதில்லை. வாங்கியவர் வாடகைக்குக் குடியிருப்பவர் மாதிரி. ஆணி அடிக்கணும்னா கூட ஓனரைக் கேட்கணும் :-)

இந்தப் பூட்டு முதன்முதலில் திறந்த கதை செம காமெடி. உலகின் முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1, அமெரிக்காவில் 2008 அக்டோபரில் வந்தது. அடுத்த மாதமே ஒருவர் அதில் 'ரீபூட்' என்ற சொல்லை டைப் செய்ய, போன் நிஜமாகவே அணைந்து மறுபடி எழுந்து உட்கார்ந்தது. கீபோர்டில் தட்டுவது எல்லாமே பின்னணியில் ரூட் அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். கூகுள் அவசர அவசரமாக அதை அடைத்தது. ஆனால் அதற்குள் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. 2009ல் ஸ்டீவ் கோண்டிக் என்பவர் சயனோஜென்மாட் என்ற மாற்று ரோமையே வெளியிட ஆரம்பித்தார்.

சரி, நம்ம ஊர் கதைக்கு வருவோம்.

தமிழ் படிக்க ரூட் செய்யாமலும் ஒரு குறுக்கு வழி இருந்தது. ஓப்பரா மினி உலாவியின் உள் அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொல்லும் வசதியை 'யெஸ்' என்று மாற்றினால் போதும். ஓப்பராவின் சர்வரே தமிழைப் படமாக்கி அனுப்பிவிடும். தமிழ் வலைப்பதிவுகளில் அன்றைக்கு அதிகம் பகிரப்பட்ட டிப்ஸ்களில் இதுவும் ஒன்று. ஆனால் அது அந்த உலாவிக்குள் மட்டும்தான் வேலை செய்யும். எஸ்.எம்.எஸ்., மெயில், ஃபேஸ்புக் ஆப் எல்லாவற்றிலும் பழையபடி கட்டம்தான். மொத்தமாகச் சரி செய்ய வேண்டுமானால் 'சிஸ்டம்' பகுதிக்குள் போய், அங்கே இருக்கும் எழுத்துருக் கோப்பைத் தூக்கிவிட்டு தமிழ் சேர்த்த கோப்பை வைக்க வேண்டும். அதற்கு ரூட் கட்டாயம்.

இத்தனை செய்தும் முழுப் பலன் கிடைத்ததா என்றால் இல்லை. எழுத்துரு வந்தது, எழுத்தை அடுக்கும் அறிவு வரவில்லை. 'போ' என்று இருந்தால் கொம்பு முன்னால் போகாமல் பின்னால் தொங்கும். அரைகுறைத் தமிழ். அந்த அரைகுறைக்காகத்தான் ஒரு வருட வாரண்டியை அடகு வைத்தார்கள். 2011 இறுதியில் வந்த ஆண்ட்ராய்டு 4.0ல் தமிழ் எழுத்துரு உள்ளேயே வந்தது. சில கம்பெனிகள் அதற்கு முன்பே தாங்களாகச் சேர்த்து விற்றன. ஆனால் 2.3 பதிப்போடு விற்ற போன்களில் ஏராளமானவற்றுக்கு 4.0 வரவே இல்லை. அந்தப் போன்களை வைத்திருந்தவர்கள் என்ன செய்ய?

இப்போது வாரண்டி. போன் கம்பெனிகளின் வாரண்டி கார்டில் 'அனுமதியில்லாத மாற்றம்' என்று ஒரு வரி இருக்கும். அதைக் காட்டித்தான் சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்புவார்கள். சார்ஜிங் பின் உடைந்திருந்தாலும் சரி, ஸ்பீக்கர் போயிருந்தாலும் சரி, பதில் ஒன்றுதான். ஸ்பீக்கருக்கும் எழுத்துருவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் வராது.

அதனால் பிறந்ததுதான் 'அன்ரூட்'. கம்பெனியின் அசல் ரோமைத் திரும்ப ஏற்றி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி போனைக் கொண்டு போவது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? சாம்சங் 2011ல் விட்ட கேலக்ஸி எஸ்2வில், வெளி மென்பொருள் ஏற்றினால் போன் எழும்போது மஞ்சள் முக்கோணம் காட்டும். எத்தனை தடவை ஏற்றினோம் என்று ஒரு கணக்கும் ஓடும். ஆட்கள் அதற்கும் மருந்து கண்டார்கள். மைக்ரோ யு.எஸ்.பி. பின்னில் 301 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்துச் செய்த 'ஜிக்' என்ற குட்டிச் சாமானைச் சொருகினால் கணக்கு பூஜ்யமாகும். 'டிரையாங்கிள் அவே' என்ற ஆப்பும் வந்தது. எச்.டி.சி. வேறு ரூட்டில் போனது. 2011லேயே தன் தளத்திலேயே பூட்டைத் திறக்க வழி கொடுத்தது, ஆனால் திரும்பப் பூட்டினால் 'லாக்டு' என்று வராது, 'ரீலாக்டு' என்று வரும். ஒரு தடவை திறந்தது திறந்ததுதான்.

கடைசியில் 2013ல் சாம்சங் நாக்ஸ் என்று ஒன்றைக் கொண்டு வந்து ஆட்டத்தையே முடித்தது. சிப்புக்குள்ளே ஒரு மின் ஃபியூஸ். வெளி மென்பொருள் ஏறியதும் அது எரிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த அசல் ரோம் போட்டாலும் திரையில் வாரண்டி போனதாகவே காட்டும். சாஃப்ட்வேரில் இருந்த தடயம் ஹார்டுவேருக்குப் போய்விட்டது. அன்ரூட் என்ற கலைக்கு அர்த்தமே இல்லாமல் போனது.

மறைத்துக் கொண்டு போவது சரியா என்றால், சரியில்லைதான். ஆனால் உண்மையைச் சொன்னால் ஸ்பீக்கரைக்கூடச் சரி செய்ய மாட்டார்கள் என்ற நிலைதான் அந்தப் பொய்யை உண்டாக்கியது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. லீவுக்கு பிரான்ஸிலிருந்து வருபவர் தம்பிக்கோ மருமகனுக்கோ ஒரு போன் கொண்டு வந்து கொடுப்பது சகஜம். அன்று அங்கே ஆபரேட்டர் விற்ற போன் சிம் பூட்டோடு வந்தது. 2007 நவம்பரில் ஆரஞ்ச் கம்பெனி பிரான்ஸில் ஐபோனை விற்றபோது, பூட்டைத் திறக்கத் தனியாக 100 யூரோ கேட்டது. ஆறு மாதம் பொறுத்தால் இலவசம். பொறுமை இல்லாதவர்கள் ஜெயில்பிரேக் பக்கம் போனார்கள்.

அதோடு இரண்டு சட்டங்களின் வித்தியாசமும் கூடவே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு உத்தரவுப்படி அன்று அங்கே விற்ற பொருளுக்கு விற்பவர் 2 வருடம் சட்டப்படி பொறுப்பாக இருந்தார். ரூட் செய்ததாலேயே அந்த உரிமை போய்விடாது என்று ஐரோப்பிய கட்டற்ற மென்பொருள் அமைப்பின் சட்ட ஆய்வு 2012ல் சொன்னது. அதே போன் நேரு வீதியில் வாங்கப்பட்டிருந்தால் ஒரு வருடக் கார்டு, அதிலும் ஆயிரம் நிபந்தனை.

இத்தனைக்கும் பிரெஞ்சு சிவில் சட்டம் 1819லேயே புதுச்சேரிக்கு வந்தது. மறைந்திருக்கும் குறைக்கு விற்பவரே பொறுப்பு என்று அதன் 1641ஆம் பிரிவு சொல்கிறது. 1962ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு இந்தியச் சட்டங்கள் படிப்படியாக வந்தன. இப்போது நாம் பிசினஸ் லா பேப்பரில் படிக்கும் 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டம்தான் இங்கேயும். அதன் 12ஆம் பிரிவில் 'கண்டிஷன்', 'வாரண்டி' வித்தியாசத்தை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த வாரண்டி வேறு, போன் பெட்டியில் வரும் கார்டு வேறு. கார்டு கம்பெனி எழுதிக் கொடுத்த வாக்குறுதி. அதில் விதி எழுதுவதும் கம்பெனிதான், மீறினாயா என்று தீர்ப்பு சொல்வதும் கம்பெனிதான்!

அமெரிக்காவில் 1975ல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டம் வாரண்டி நிபந்தனைகளுக்கு ஓரளவு கடிவாளம் போட்டது. 2010ல் அங்கே போனை ஜெயில்பிரேக் செய்வது காப்புரிமைக் குற்றம் இல்லை என்றும் அறிவித்தார்கள். உடனே ஆப்பிள், 'குற்றம் இல்லாமல் இருக்கலாம், வாரண்டி போகும்' என்றது. இரண்டும் வேறு வேறு கேள்வி என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

இந்தியாவில் இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட நேரான பதில் வந்தது போனில் இல்லை, காரில்! 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி மொத்தமும் ரத்து என்று நிபந்தனை வைக்கக்கூடாது, வெளி வேலையால் எந்த அளவுக்குச் சேதமோ அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றது அந்த உத்தரவு. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின, அபராதக் கணக்கெல்லாம் மாறியது. போன் கம்பெனிகளை அது கட்டுப்படுத்தவில்லை. ஆனால் ஸ்பீக்கருக்கும் எழுத்துருவுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடை இல்லை.

அதே 2014 டிசம்பரில் மைக்ரோமேக்ஸின் யூ பிராண்டு சயனோஜெனோடு வந்து, ரூட் செய்தாலும் வாரண்டி போகாது என்று விளம்பரமே செய்தது. ஆக, முடியாத காரியம் ஒன்றும் இல்லை. மனசுதான் வேண்டும்.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதன் பட்டியலில் மொபைலும் உண்டு. அந்த வருட டிசம்பரில் அதற்கென ஒரு தளமும் திறந்தார்கள். ரூட்டைப் பொறுத்தவரை அதற்குள் காலம் மாறிவிட்டது. தமிழ் எழுத்துரு எல்லாப் போனிலும் வந்துவிட்டது. இப்போது ரூட் செய்ய நினைப்பவரைத் தடுப்பது வாரண்டி கார்டு இல்லை. வங்கி ஆப்பும் யு.பி.ஐ. ஆப்பும்தான். ரூட் செய்த போன் என்று தெரிந்தால் அவற்றில் பல திறக்கவே மறுக்கும். டீக்கடையில் 15 ரூபாய் கொடுக்கக்கூட வழியில்லாத போனை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்?