கோடைக்குத் திரும்பிய கம்பிவடம்

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மலை மிதிவண்டி விடுமுறை ஒன்றைத் திட்டமிடுபவர் விடுதியையும் விமானச் சீட்டையும் தேடுவதற்கு முன்பாகப் பார்ப்பது லிஃப்ட் இயங்கும் நாட்களின் பட்டியலைத்தான். மலையடிவாரத்திலிருந்து உச்சிக்குக் கம்பிவடத்தின் வழியே ஆட்களை ஏற்றிச் செல்லும் எல்லா அமைப்புகளுக்கும், அவை மூடிய பெட்டிகளாயினும் திறந்த தொங்கு நாற்காலிகளாயினும், அங்கு பொதுவாக வழங்கும் பெயர் லிஃப்ட் என்பதாகும். மிதிவண்டியோடு மேலே ஏற்றிவிடப்படும் ஒருவர், செதுக்கிய மண்தடங்களில் இறங்கி, அடிவாரத்தில் மீண்டும் வரிசையில் நின்று, ஒரே நாளில் பல ஆயிரம் மீட்டர் செங்குத்து இறக்கத்தைக் கடந்துவிடுகிறார். தம் கால்களை மட்டுமே நம்பி ஏறுபவருக்கு அதில் ஒரு பகுதியே எட்டும். இவ்வழக்கத்தின் வயது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே. ஆயினும் அதைத் தாங்கும் ஏற்பாடுகளான முன்பணச் சீட்டு, சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரையிலான தங்கல், நிறத்தால் தரம் பிரித்த தடங்கள், எல்லை கடந்தும் செல்லுபடியாகும் பாஸ் ஆகியவை யாவும் மிதிவண்டியை நினைத்தும் பாராதவர்கள் வேறு தேவைகளுக்காக ஏற்படுத்தியவை.

அவற்றுள் மிகப் பழையது கோடைக்குரியது. ஆங்கிலேயப் பயண ஏற்பாட்டாளர் தாமஸ் குக் 1863ஆம் ஆண்டில் தம் முதல் குழுவைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1844இல், பேடெக்கர் பதிப்பகத்தின் சுவிட்சர்லாந்து வழிகாட்டி நூல் வெளிவந்திருந்தது. விடுதிக் கட்டணத்தை ஊரிலேயே செலுத்திப் பெறும் கூப்பன்களை 1868இல் குக் அறிமுகப்படுத்தியபோது, அந்நிய நாட்டு மலையொன்றில் கழிக்கும் வாரத்தை வீட்டு மேசையில் அமர்ந்தே கணக்கிட்டு முடிக்கும் பழக்கம் நடுத்தர வகுப்பினரிடையே வேரூன்றியது. ரிகி சிகரத்தில் சூரிய உதயம் காண நடந்தும் சுமைக்கூலிகளின் நாற்காலிகளில் அமர்ந்தும் ஏறியவர்களுக்காக, 1871இல் நிக்லவுஸ் ரிகன்பாக் என்ற பொறியாளர் பல்சக்கர ரயிலை அமைத்தார். தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் கடித்துக்கொண்டு ஏறும் முறை அது. அவரிடம் பணியாற்றிய ரோமன் ஆப்ட் பின்னர் திருத்தியமைத்த பற்சட்ட முறையில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ரயில் ஏறியது என்பதையும், அப்பாதையின் புகழ்பெற்ற நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை என்பதையும் இங்கு இடையே குறித்துக்கொள்ளலாம். கம்பிவட ஊர்திகளும் அக்கோடைப் பயணிகளுக்காகவே எழுந்தன. போல்சானோ நகருக்கு மேலுள்ள கோலர்ன் மலைக்கு ஒரு விடுதிக்காரர் தம் விருந்தினருக்காக அமைத்த கம்பிவடமும், கிரிண்டல்வால்டில் வெட்டர்ஹார்ன் மலையில் அமைந்த ஏற்றியும் 1908இல் இயங்கத் தொடங்கின. பின்னது முதல் உலகப்போர் மூண்டு பயணிகள் வரவு அற்றபோது நின்றுபோயிற்று.

குளிர்காலம் இவ்வமைப்பைக் கைப்பற்றியது 1930களில்தான். டாவோசில் எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் என்ற பொறியாளர் 1934 இறுதியில் நிறுவிய இழுவை லிஃப்ட், சறுக்குபவரைத் தூக்காமல், அவர் காலில் பூட்டிய பனிச்சறுக்குப் பலகைகளோடு தரையிலேயே இழுத்துச் சென்றது. செலவு குறைந்த அம்முறை விரைவிலேயே பரவியது. பிரான்சின் சவோய் பகுதியில், அதுவரை மாட்டுப் பண்ணைகளாலும் கற்பலகைச் சுரங்கங்களாலும் அறியப்பட்டிருந்த மோர்சின் கிராமத்தில், பிளேனே மலைக்கான கம்பிவட ஊர்தியும் அதே 1934இல் திறக்கப்பட்டது. ஈராண்டு கழித்து அமெரிக்காவின் சன் வேலியில் முதல் தொங்கு நாற்காலி வந்தது. கப்பல்களில் வாழைத்தார் ஏற்றும் கொக்கிகளைப் பார்த்திருந்த ஜேம்ஸ் கர்ரன் என்பவர், தாரின் இடத்தில் மனிதரை அமர்த்திப் பார்த்ததன் விளைவு அது.

போருக்குப் பிந்திய பிரான்சில் அரசே இத்தொழிலில் இறங்கியது. 1936இல் இரண்டு வாரமாகத் தொடங்கிய ஊதியத்துடன் கூடிய விடுமுறை 1956இல் மூன்று வாரமாகவும் 1969இல் நான்கு வாரமாகவும் நீண்டபோது, அந்நாட்களை நிரப்ப மலைமேல் புதிய நகரங்கள் எழுப்பும் ‘பனித் திட்டம்’ தீட்டப்பட்டது. அக்காலத்தின் அடையாளமாக நிற்பது மோர்சினுக்கு மேலே ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் 1966இல் திறக்கப்பட்ட, மோட்டார் வாகனம் நுழையாத அவோரியா. 1960 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற மோர்சின்காரர் ழான் வுவார்னே அதன் எண்ணத்தை விதைத்ததோடு, பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலுமாகப் பரந்து கிடந்த கிராமங்களின் சரிவுகளை ஒரே பாஸில் இணைக்கும் ‘போர்ட் து சொலெய்’ வட்டாரத்துக்கும் வழிவகுத்தார். இன்று பன்னிரண்டு ஊர்கள் அதில் உள்ளன. இக்கட்டட வேகத்தின் கேடுகளைச் சுட்டி, குடியரசுத் தலைவர் ஜிஸ்கார் தெஸ்தேன் 1977இல் வல்லூயீஸ் கிராமத்தில் ஆற்றிய உரையோடு அந்த அரசுத் திட்டம் முடிவுக்கு வந்தது. ஆனால் தூண்களும் கம்பிவடங்களும் நட்டாயிற்று. ஆண்டில் ஏழெட்டு மாதங்கள் அவை அசையாது நிற்க, அவற்றின் அடியில் பழையபடி மாடுகள் மேய்ந்தன.

மிதிவண்டி இக்காட்சிக்குள் நுழைந்தது கலிபோர்னியாவிலிருந்து. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் வட்டாரத்தில் 1976 முதல் ‘ரீபேக்’ என்ற இறக்கத்தில் நேரப் போட்டி நடத்திய இளைஞர்கள், 1930களின் கனத்த பழைய மிதிவண்டிகளை மலைமேல் சிறு லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய்க் கீழே விட்டனர். மலை மிதிவண்டியின் தொடக்கக் கதையைச் சொல்பவர்கள் அதைத் தன்னந்தனியாக இயற்கையைத் தேடிச் சென்ற விளையாட்டாகவே வரைவதுண்டு. ஏறும் வேலையை ஓர் எஞ்சினிடம் ஒப்படைத்துவிடும் ஆசை அதில் பிறப்பிலேயே இருந்தது என்பதே உண்மைக்கு நெருக்கமானது. லாரியின் இடத்தில் லிஃப்ட்டை வைப்பது அடுத்த படி. கலிபோர்னியாவின் மாமத் மலை, பனிச்சறுக்கு நிலையத்தின் சரிவிலேயே 1985இல் ‘காமிகாசி’ என்ற இறக்கப் போட்டியை நடத்தி, மறு ஆண்டில் கோடைகால மிதிவண்டிப் பூங்காவையும் திறந்தது.

இருந்தும் எல்லா லிஃப்ட்டும் மிதிவண்டிக்கு உதவாது என்பதை இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பனியின் வழுக்கலையே நம்பி இழுத்துச் செல்லும் இழுவை லிஃப்ட், புல்லும் கல்லும் நிறைந்த கோடைச் சரிவில் பயனற்றது. பழைய தொங்கு நாற்காலிகள் கம்பிவடத்தோடு நிலையாகப் பிணைக்கப்பட்டவை. நிலையத்திலும் அவை வேகம் குறையாமல் வளைந்து திரும்புவதால், பதினாறு பதினேழு கிலோ எடையுள்ள வண்டியைத் தூக்கி மாட்டிவிட்டுத் தானும் அமர்வது ஆபத்தான வித்தையாகிவிடும். 1980களிலிருந்து பரவலான கழலும் பிடி கொண்ட லிஃப்ட்டுகள் இதை மாற்றின. இவற்றில் கம்பிவடம் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டேயிருக்க, நாற்காலியோ பெட்டியோ நிலையத்துக்குள் வந்ததும் அதன் பிடி வடத்தைவிட்டுக் கழன்று, தனித் தண்டவாளத்தில் நடைவேகத்துக்குத் தளர்ந்து, ஆட்கள் ஏறியபின் மீண்டும் வடத்தைப் பற்றிக்கொள்கிறது. அந்தச் சில நொடி மந்தகதியில்தான் முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டவோ வண்டியைப் பெட்டிக்குள் நிமிர்த்தி நிறுத்தவோ முடிகிறது. குளிர்கால வரிசைகளைக் குறைப்பதற்காகச் செய்த இம்முதலீடே கோடை மிதிவண்டிக்குக் கதவு திறந்தது. ஆகவே புதிய லிஃப்ட் வாங்க வசதி படைத்த பெரிய பனிச்சறுக்கு ஊர்களே பெரிய மிதிவண்டி ஊர்களாகவும் ஆயின, இழுவை லிஃப்ட்டோடு நின்றுவிட்ட சிற்றூர்கள் இந்த இரண்டாம் வாய்ப்பிலும் பின்தங்கின. தடங்களைப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு எனக் கடினத்தின் ஏறுவரிசையில் நிறமிட்டுக் காட்டும் பழக்கமும் சறுக்குத்தடங்களிலிருந்து அப்படியே எடுத்தாளப்பட்டது.

ஆல்ப்சில் இவ்வழக்கத்தை முதலில் பரப்பியவை போட்டிகள். உலக மிதிவண்டிச் சங்கத்தின் முதல் மலை மிதிவண்டி உலகப் போட்டி 1990இல் அமெரிக்காவின் துராங்கோவில் நடந்தது; 1997இல் அது சுவிட்சர்லாந்தின் ஷாத்தோ-தேக்கும், 2002இல் ஆஸ்திரியாவின் கப்ரூனுக்கும், 2004இல் மோர்சினை அடுத்த லே ஜேக்கும் வந்தது. லே ஜேயில் 2022இல் மீண்டும் அப்போட்டி நடந்தபோது அக்கிராமத்தின் கோடைப் பெயர் அதன் குளிர்காலப் பெயரைவிடப் பெரிதாகியிருந்தது. இவற்றைவிட விசித்திரமானது பிரான்சின் அல்ப் துவேசில் 1995இல் தொடங்கிய ‘மெகா அவலான்ஷ்’. ஏறத்தாழ 3,300 மீட்டர் உயரமுள்ள பிக் பிளாங் சிகரத்துக்கு அனைவரையும் லிஃப்ட்டில் ஏற்றி, நூற்றுக்கணக்கானோரை ஒரே கணத்தில் பனிப்பரப்பின்மீது அவிழ்த்துவிட்டு, புல்வெளியும் காடும் கடந்து சுமார் 2,600 மீட்டர் கீழேயுள்ள அல்மோன் கிராமம் வரை இறங்கச் செய்யும் போட்டி அது. அதன் தொடக்கச் சரிவைத் தாங்கிய சரேன் பனிப்பாறை இன்று பெரும்பாலும் அழிந்துவிட்டது.

தொடக்க ஆண்டுகளில் இறங்கியவர்கள் பயன்படுத்தியவை நடைபாதைகளும் மாட்டுத்தடங்களுமே. பிரேக் பிடித்த இடமெல்லாம் மண் குழிந்து, மழையில் வாய்க்காலாகி, மேய்ப்பர்களோடும் நடைபயணிகளோடும் பூசல் வளர்ந்தது. இதற்கான தீர்வு கனடாவின் விஸ்லரிலிருந்து வந்தது. அங்கு இயந்திரம் கொண்டு மண்ணைக் குவித்து, வளைவுகளுக்குச் சாய்ந்த சுவர் எழுப்பி, நீர் வடிய வழி விட்டு அமைத்த தடங்கள், அனுபவமற்றவரையும் ஓரளவு பத்திரமாகக் கீழே கொண்டு சேர்த்தன. 2001இல் தொடங்கிய ஆஸ்திரியாவின் லியோகாங் பூங்கா உள்ளிட்ட பல இடங்கள் அவ்வழியில் சென்றன. தடம் பாதுகாப்பானது, பாதை தவறியவர்கள் பசுக்கூட்டத்துக்குள் புகுவது குறைந்தது; ஆனால் எந்த நாட்டில் இறங்குகிறோம் என்பதை மண்ணைக்கொண்டு அறிய முடியாதபடி வளைவுகளெல்லாம் ஒன்றுபோலாயின என்ற குறையையும் பதிவு செய்யவேண்டும். வேர்களும் பாறைகளும் நிறைந்த பழைய தடங்களை விடாமல் பேணும் சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரி போன்ற இடங்களின் மதிப்பு அதனாலேயே உயர்ந்தது.

எல்லைக்கோட்டைச் சக்கரம் எளிதாகக் கடந்தாலும் சட்டம் அவ்வாறு கடப்பதில்லை. ஆஸ்திரியாவின் 1975ஆம் ஆண்டு வனச்சட்டம், ஓய்வுக்காகக் காட்டில் நடக்கும் உரிமையை அனைவருக்கும் அளித்தது. மிதிவண்டி ஓட்டவோ நில உடைமையாளரின் இசைவு தேவை. எனவே டிரோல் மாநிலம் 1990களில் உடைமையாளர்களோடு ஒப்பந்தம் செய்து பாதைகளைத் திறக்கும் முறையை வகுத்தது. சுவிட்சர்லாந்திலோ 1912இல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத்தின் 699ஆம் பிரிவு காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மக்களுக்குத் திறந்துவைத்தது. 2018 செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் மிதிவண்டிப் பாதைகள் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றன. லிஃப்ட் நிறுவனத்தின் வரைபடத்தில் உள்ள தடங்களில் மட்டும் இறங்குபவருக்கு இவை தெரியவேண்டியதில்லை. அதற்கு வெளியே வழி தேடுபவருக்கு அவசியம் தெரியவேண்டும்.

திட்டமிடுபவர் பார்க்கும் நாட்பட்டியலும் இத்தகைய பல அடுக்குகளின் கூட்டு. போர்ட் து சொலெய் வட்டாரத்தில் பெரும்பாலான லிஃப்ட்டுகள் ஜூன் பிற்பகுதியில் தொடங்கிச் செப்டம்பரில் நின்றுவிடுகின்றன. உயர்ந்த கணவாய்களில் ஜூன் வரை பனி எஞ்சுகிறது. செப்டம்பரில் பள்ளிகள் திறந்து கூட்டம் வற்றுகிறது, மேய்ச்சல் முடித்த மாடுகள் கழுத்துமணியோடு இறங்குகின்றன, டிசம்பருக்கு முன் பிடிகளையும் வடங்களையும் கழற்றிச் சோதிக்கவேண்டிய பணியும் காத்திருக்கிறது. நாட்கணக்கைப் போலவே மணிக்கணக்கும் கண்டிப்பானது: பிற்பகலில் இடிமேகம் திரண்டால் லிஃப்ட்டுகள் உடனே நிறுத்தப்படும்; எல்லைக்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்கில் கடைசி லிஃப்ட்டைத் தவறவிட்டவர், வரைபடத்தில் கையகல தூரமாகத் தெரியும் தம் விடுதிக்கு மலையைச் சுற்றி நெடுந்தொலைவு செல்லவேண்டியிருக்கும்.

2022ஆம் ஆண்டு இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் நிலவிய வெம்மையில் ஆல்ப்சின் தாழ்ந்த சறுக்குத்தடங்கள் பல, போர்ட் து சொலெய் வட்டாரத்தில் உள்ளவை உட்பட, பனியின்றி மூடப்பட்டன. ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரமே உள்ள மோர்சின் போன்ற ஊர்கள் கோடையை நோக்கித் திரும்புவது இதனால் விரைவுபடுகிறது. எனினும் லிஃப்ட் நிறுவனங்களின் வருவாயில் குளிர்காலப் பங்கே இன்றும் மிகப் பெரியது, கோடைப் பாஸின் விலை பனிக்கால பாஸைவிடக் குறைவு. இதற்கிடையே 2010களில் பரவிய மின்மோட்டார் மிதிவண்டி, லிஃப்ட் இன்றியே ஏறிவிடும் ஆற்றலை ஓட்டுபவர் கையில் கொடுத்துள்ளது. அதை எதிர்கொள்ள நிறுவனங்கள் மேல்நிலையங்களில் மின்னேற்ற வசதிகளை வைத்து, மின்மோட்டார் மிதிவண்டிக்காரர்களுக்கென லிஃப்ட்டும் ஏற்றமும் கலந்த நீண்ட சுற்றுவழிகளை வகுக்கத் தொடங்கியுள்ளன. அவ்வண்டிகள் சாதாரண வண்டிகளைவிடக் கனத்தவை என்பதால், நாற்காலிகளின் பக்கவாட்டில் உள்ள பழைய கொக்கிகளில் அவற்றைத் தூக்கி மாட்டுவது மீண்டும் ஒரு சிக்கலாகியிருக்கிறது.