சென் காலன் மடாலய நூலகம்

சென் காலன் மடாலய நூலகம் என்பது சுவிட்சர்லாந்து நாட்டின் வடகிழக்குப் பகுதியில் உள்ள சென் காலன் நகரில் அமைந்துள்ள ஒரு பழமையான நூலகம் ஆகும். பெனடிக்டின் சபைத் துறவிகளின் மடாலயத்தைச் சார்ந்து வளர்ந்த இந்நூலகத்தில் ஏறத்தாழ 2,100 கையெழுத்துச் சுவடிகள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 400 சுவடிகள் கி.பி. 1000 ஆம் ஆண்டுக்கு முற்பட்டவை. இடைக்கால ஐரோப்பிய மடாலயங்களின் சுவடித் தொகுப்புகளுள் பல, போர், தீ, சமயப் பூசல், மடாலயங்களின் கலைப்பு ஆகிய காரணங்களால் அழிந்தன அல்லது சிதறிப்போயின. சென் காலன் தொகுப்பின் பெரும் பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில் நிலைத்திருப்பது இந்நூலகத்தின் தனிச்சிறப்பாகும். மடாலய வளாகமும் நூலகமும் 1983 ஆம் ஆண்டு யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

தோற்றம்

அயர்லாந்துத் துறவியான கொலும்பானுசின் துணைவராக வந்த புனித காலுசு, கி.பி. 612 ஆம் ஆண்டளவில் இசுடைனாக் ஆற்றங்கரையில் ஒரு தவக்குடிலை அமைத்தார். நகரின் பெயர் இவருடைய பெயரில் இருந்தே வந்தது. 719 ஆம் ஆண்டில் புனித ஓத்மார் அவ்விடத்தில் முறையான மடாலயத்தை நிறுவினார். 747 ஆம் ஆண்டில் அம்மடாலயம் புனித பெனடிக்டின் ஒழுங்குவிதிகளை ஏற்றுக்கொண்டது.

அவ்விதிகள் துறவிகளின் நாளை வழிபாடு, உடலுழைப்பு, வாசிப்பு எனப் பகுத்தன. தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு நூல் வழங்கப்பட வேண்டும் என்றும், அதனை அவர் முதலிலிருந்து முடிவு வரை படிக்க வேண்டும் என்றும் அவை கூறின. எனவே நூல்களைச் சேர்ப்பதும் படியெடுப்பதும் மடாலய வாழ்வின் இன்றியமையாத பகுதிகளாயின. கோசுபர்ட் மடாதிபதியாக இருந்த காலத்தில் (816–837) படியெடுக்கும் பணி பெரிதும் விரிவடைந்தது.

சுவடிகள் உருவான முறை

இடைக்கால ஐரோப்பாவில் நூல்கள் பெரும்பாலும் பதப்படுத்திய விலங்குத் தோலில் எழுதப்பட்டன. செம்மறி ஆடு, வெள்ளாடு, கன்று ஆகியவற்றின் தோல்கள் சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கப்பட்டு, முடி நீக்கப்பட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டு, கத்தியால் சுரண்டி மெல்லியதாக்கப்பட்டன. இத்தோல்களை அளவாக வெட்டி இரண்டாக மடித்து, பொதுவாக நான்கு மடிப்புகளை ஒன்றினுள் ஒன்றாக வைத்து எட்டு ஏடுகள் கொண்ட ஒரு கற்றை ஆக்கினர். கோடுகள் கீறப்பட்ட பின்னர், பறவை இறகால் மையைத் தொட்டு எழுதினர். கருவாலி மரத்தில் தோன்றும் மாசிக்காய், இரும்பு உப்பு, பிசின் ஆகியவற்றிலிருந்து ஒரு வகை மை தயாரிக்கப்பட்டது. எழுதி முடிந்த கற்றைகள் ஒன்றாகத் தைக்கப்பட்டு மரப்பலகை அட்டைகளுக்குள் கட்டப்பட்டன.

ஒரு பெரிய நூலுக்குப் பல விலங்குகளின் தோல்கள் தேவைப்பட்டன. தோல் விலை மிகுந்த பொருளாக இருந்ததால், தேவையற்றதாகக் கருதப்பட்ட பழைய எழுத்துகளைச் சுரண்டி நீக்கிவிட்டு அதே ஏட்டில் வேறு நூலை எழுதும் வழக்கமும் இருந்தது. பழைய சுவடிகளின் ஏடுகள் புதிய நூல்களின் கட்டமைப்புக்கும் பயன்பட்டன. இவ்வாறு அட்டைகளுக்குள் மறைந்து கிடந்த ஏடுகளைப் பிற்கால நூலகர்கள் பிரித்தெடுத்துத் தனித் தொகுதிகளாக்கினர். பண்டைய உரோமைக் கவிஞர் வெர்ஜிலின் படைப்புகளைக் கொண்ட மிகப் பழைய சுவடி ஒன்றின் சில ஏடுகள் இத்தொகுதிகளில் உள்ளன.

பழைய நூற்பட்டியல்

ஒன்பதாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட நூற்பட்டியல் ஒன்று இங்கு கிடைத்துள்ளது (சுவடி எண் 728). ஏறத்தாழ 400 நூல்களைக் குறிப்பிடும் இப்பட்டியல் விவிலியத்தில் தொடங்கி, திருச்சபைத் தந்தையரின் நூல்கள், புனிதர் வரலாறுகள், சட்டம், இலக்கணம் எனப் பொருள் அடிப்படையில் அமைந்துள்ளது. அயர்லாந்து எழுத்துமுறையில் எழுதப்பட்ட ஏறத்தாழ 30 நூல்கள் தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. பட்டியலின் ஓரங்களில், படிக்க இயலாத நூல், பயனற்ற நூல் என்பன போன்ற குறிப்புகளையும் ஒருவர் சேர்த்துள்ளார். நூல்கள் சேர்த்து வைக்கப்பட்டதோடு, எடுத்துப் பார்க்கப்பட்டு மதிப்பிடவும் பட்டன என்பதற்கு இவை சான்றாகும்.

அழிவுகளும் மீட்புகளும்

926 ஆம் ஆண்டில் மாகியார் படையினர் சென் காலனைத் தாக்கினர். மடாலயத்தின் அருகே ஒரு சிற்றறையில் தன்னை அடைத்துக்கொண்டு தவ வாழ்வு நடத்திய விபொராடா என்னும் பெண் துறவி, இத்தாக்குதலைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்தார் என மரபு கூறுகிறது. துறவிகள் தப்பிச் சென்றனர். நூல்கள் கான்சுடன்சு ஏரியில் உள்ள ரைக்கனாவ் தீவு மடாலயத்துக்கு அனுப்பப்பட்டன. தன் அறையை விட்டு வெளியேற மறுத்த விபொராடா கொல்லப்பட்டார். 1047 ஆம் ஆண்டில் இவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. இவர் நூலகங்களின் பாதுகாவலராகப் போற்றப்படுகிறார். ரைக்கனாவிலிருந்து திரும்பி வந்த நூல்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தன என்றும், ஆனால் அனுப்பிய அதே நூல்கள் அல்ல என்றும் பதினோராம் நூற்றாண்டில் மடாலய வரலாற்றை எழுதிய நான்காம் எக்கேகார்ட் குறிப்பிடுகிறார்.

937 ஆம் ஆண்டில் மடாலயத்தில் பெருந்தீ மூண்டது. தண்டனைக்கான பிரம்பை எடுத்துவர அனுப்பப்பட்ட பள்ளி மாணவன் ஒருவனே தீ வைத்தான் என எக்கேகார்ட் எழுதியுள்ளார். கட்டடங்கள் எரிந்தாலும் நூல்களின் பெரும்பகுதி காப்பாற்றப்பட்டது.

பிற்கால இடைக்காலத்தில் மடாலயத்தின் கல்வி நிலை தாழ்ந்தது. கான்சுடன்சு பொதுச்சங்கத்துக்கு வந்திருந்த இத்தாலிய அறிஞர் பொட்சோ பிராட்சோலினி 1416 ஆம் ஆண்டில் இங்கு வந்தார். குயிண்டிலியன் எழுதிய சொற்பொழிவுக் கலை நூலின் முழுமையான படியை அவர் இங்கு கண்டெடுத்தார். நூல்கள் தூசும் பூஞ்சையும் படிந்து, இருண்ட கோபுர அறையில் கிடந்ததாக அவர் தம் நண்பருக்கு எழுதினார். எனினும், புறக்கணிக்கப்பட்ட நிலையிலும் அந்நூல் அழியாதிருந்ததாலேயே அது ஐரோப்பியக் கல்வி உலகுக்கு மீண்டும் முழுமையாகக் கிடைத்தது.

1529 ஆம் ஆண்டில் சமயச் சீர்திருத்த இயக்கத்தினர் மடாலயக் கோயிலின் சிலைகளையும் படங்களையும் அகற்றினர். ஆயினும் நூலகம் தப்பியது. அப்போது நகரில் சீர்திருத்தத்தை முன்னின்று நடத்திய வாடியன், பழஞ்சுவடிகளின் மதிப்பை உணர்ந்த அறிஞராகவும் இருந்தார்.

1712 ஆம் ஆண்டுப் போரும் உடைமைச் சிக்கலும்

1712 ஆம் ஆண்டில் நடைபெற்ற தோகன்புர்க் போரில் சூரிக், பேர்ன் ஆகியவற்றின் படைகள் மடாலயத்தைக் கைப்பற்றி, நூலகத்தின் சுவடிகளையும் பிற பொருள்களையும் எடுத்துச் சென்றன. 1718 ஆம் ஆண்டின் அமைதி உடன்படிக்கைக்குப் பின்னர் பெரும்பகுதி திருப்பித் தரப்பட்டது. ஆனால் ஏறத்தாழ 100 சுவடிகளும், பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பெரிய உலக உருண்டையும் சூரிக்கிலேயே தங்கிவிட்டன.

ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக நீடித்த இச்சிக்கல், கூட்டரசின் நடுவர் முயற்சியால் 2006 ஆம் ஆண்டில் உடன்பாட்டுக்கு வந்தது. அதன்படி சூரிக்கின் உடைமை உரிமை ஏற்கப்பட்டது. அதேவேளை, சென் காலனின் அடையாளத்துக்கு இப்பண்பாட்டுப் பொருள்கள் எவ்வளவு முக்கியமானவை என்பதும் ஏற்கப்பட்டது. சுவடிகளுள் ஒரு பகுதி காலவரையறையின்றி சென் காலனுக்குக் கடனாக வழங்கப்பட்டது. உலக உருண்டை சூரிக்கிலேயே இருக்க, அதன் துல்லியமான நகல் ஒன்று செய்யப்பட்டு 2009 ஆம் ஆண்டில் சென் காலனிடம் ஒப்படைக்கப்பட்டது.

குறிப்பிடத்தக்க சுவடிகள்

* சென் காலன் வரைபடம் (எண் 1092): ஒரு மடாலய வளாகத்தின் தரைப்படம். ரைக்கனாவ் தீவில் வரையப்பட்டு மடாதிபதி கோசுபர்ட்டுக்கு அனுப்பப்பட்டது. ஐந்து தோல் துண்டுகளைத் தைத்து உருவாக்கப்பட்ட இதன் அளவு ஏறத்தாழ 112 × 77 செ.மீ. கோயில், நூலகம், மருத்துவமனை, மூலிகைத் தோட்டம், கோழிக் கொட்டில் எனப் பலவும் இதில் குறிக்கப்பட்டுள்ளன.
* அப்ரோகன்சு (எண் 911): எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட இலத்தீன்–பழைய செருமானியச் சொற்பட்டியல். செருமானிய மொழியின் மிகப் பழைய நூலாக இது கருதப்படுகிறது.
* பிரிசியனின் இலக்கணம் (எண் 904): ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இலத்தீன் வரிகளுக்கிடையே பழைய ஐரிய மொழியில் எழுதப்பட்டுள்ள ஆயிரக்கணக்கான குறிப்புகள், அம்மொழியின் ஆய்வுக்கு அடிப்படைச் சான்றுகளுள் ஒன்றாகும்.
* கந்தாதோரியம் (எண் 359): பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த, இசைக்குறியீடுகளுடன் கூடிய வழிபாட்டுப் பாடல் நூல்.
* நீள் நற்செய்தி நூல் (எண் 53): துறவி தூத்திலோ செதுக்கிய தந்தப் பலகைகளை அட்டையாகக் கொண்டது.
* நிபெலுங்கன் காவியம் (எண் 857): பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த, இக்காவியத்தின் முதன்மையான படிகளுள் ஒன்று.

இவற்றுள் சென் காலன் வரைபடம் எஞ்சிய விதம் குறிப்பிடத்தக்கது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு துறவி, வரைபடத்தின் பின்புறத்தில் புனித மார்ட்டினின் வரலாற்றை எழுதினார். இடம் போதாததால் முன்புறத்தில் இருந்த கட்டட வரைபடம் ஒன்றைச் சுரண்டிவிட்டு எஞ்சிய பகுதியை அங்கு எழுதி முடித்தார். பின்னர் அத்தோல் மடிக்கப்பட்டு நூல் வடிவில் வைக்கப்பட்டது. அத்துறவியால் ஒரு கட்டடத்தின் வரைபடம் அழிந்தது. ஆனால், புனிதர் வரலாறாக நூல்களுக்கிடையே இடம்பெற்றதே முழு வரைபடமும் காக்கப்படக் காரணமாயிற்று எனக் கருதப்படுகிறது.

கட்டடம்

தற்போதைய நூலக மண்டபம் 1758 முதல் 1767 வரையான காலத்தில் பீட்டர் தும்ப் என்னும் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் பரோக் பாணியில் கட்டப்பட்டது. நுழைவாயிலின் மேல், உயிரின் மருத்துவமனை எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மரத்தால் இழைக்கப்பட்ட தரையைக் காப்பதற்காகப் பார்வையாளர்களுக்குக் கம்பளிக் காலணிகள் வழங்கப்படுகின்றன.

மடாலயக் கலைப்புக்குப் பின்

1805 ஆம் ஆண்டில் மடாலயம் கலைக்கப்பட்டது. துறவிகள் வெளியேறிய பின்னரும் நூலகம் பிரிக்கப்படவில்லை. அது அம்மாநிலக் கத்தோலிக்க அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. மடாலயத்தின் நிலக்கொடை ஆவணங்கள் தனியான ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் எழுநூறுக்கும் மேற்பட்டவை முற்கால இடைக்காலத்தைச் சேர்ந்த மூல ஆவணங்கள். நூலகம், காப்பகம் ஆகிய இரண்டின் தொகுப்புகளும் 2017 ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

2005 ஆம் ஆண்டில் சுவடிகளை மின்னுருவாக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. இது பின்னர் சுவிட்சர்லாந்தின் பிற தொகுப்புகளையும் உள்ளடக்கிய இ-கோடிசெசு என்னும் மின்னூலகமாக விரிவடைந்தது. இதில் உள்ள சுவடிகளை ஏடு ஏடாக, கட்டணமின்றி இணையத்தில் காணலாம். மின்படிமங்கள் மூலச் சுவடிகளைத் தொடவேண்டிய தேவையைக் குறைக்கின்றன. எனினும் தோலின் தன்மை, தையல், சுரண்டப்பட்ட எழுத்துகளின் தடம் ஆகியவற்றை ஆராய மூலச் சுவடியே தேவைப்படுகிறது. எனவே மூலங்களைப் பேணும் பணியும் தொடர்கிறது.