தாடை எலும்பில் ஒரு திருகாணி: பல்சீரமைப்பு நங்கூரத்தின் வரலாறு

துருத்திய முன்பற்களைப் பின்னுக்கு இழுக்கும்போது, பிடிமானமாகக் கொள்ளப்பட்ட கடைவாய்ப்பல்லும் எதிர்விசையால் முன்னோக்கி நகர்ந்துவிடும் என்பதால், அவ்விசையைத் தாங்கும் நங்கூரத்தை எங்கே அமைப்பது என்பது பல்சீரமைப்பு மருத்துவத்தின் நீண்டகாலச் சிக்கலாக இருந்தது. தலையைச் சுற்றி அணியும் பட்டையோடு பற்களைப் பிணைக்கும் ஹெட்கியர் இதற்கு ஓரளவு விடையளித்தது. ஆனால் அதை நாள்தோறும் பல மணி நேரம் அணிந்திருக்கும் பொறுப்பு பெரும்பாலும் பள்ளிப் பருவத்தினர் மீதே விழுந்தது.

பல்லை விடுத்து எலும்பையே பற்றிக்கொள்ள, 1945இல் அமெரிக்கர்களான கெயின்ஸ்ஃபோர்த்தும் ஹிக்லியும் முயன்றனர். கோபால்ட்டும் குரோமியமும் கலந்த வைட்டாலியத்தாலான திருகாணிகளை நாய்களின் கீழ்த்தாடையில் பொருத்தி அவர்கள் விசை கொடுத்தபோது, அவை 16 முதல் 31 நாள்களுக்குள் கழன்றுவிட்டன. அதே உலோகத் திருகாணியை மூக்கின் அடிப்புறத்து எலும்பில் பதித்து, ஏறத்தாழ ஓராண்டில் மேல்முன்பற்களைச் சுமார் 6 மில்லிமீட்டர் உயர்த்தியதாக கிரீக்மோரும் எக்லண்டும் 1983இல் வெளியிட்ட அறிக்கைதான் அம்முயற்சிக்கு மறுவாழ்வு தந்தது.

இதற்கிடையே, டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாகப் பிணைந்து வளரும் என்பதை ஸ்வீடனின் பிரோனெமார்க் நிறுவியிருந்தார். அப்பிணைப்பு முற்றுப்பெற மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்ற கருத்து பல்சீரமைப்பிலும் வேரூன்றியதால், 1997இல் 1.2 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட டைட்டானியத் திருகாணியை அறிமுகப்படுத்திய ஜப்பானின் கனோமியும், அதைப் பொருத்திச் சில மாதங்கள் கழித்தே விசை கொடுத்தார். இந்தக் காத்திருப்பு தேவையில்லை என்று தெளிந்ததே இவ்வரலாற்றின் பெருந்திருப்பம் எனலாம். தாடையின் வெளிப்புறத்தில் அடர்ந்திருக்கும் புறணி எலும்பு திருகாணியின் மரைகளை இறுகப் பற்றுவதால் உடனடியாகக் கிடைக்கும் முதல்நிலை உறுதியே மிதமான விசைகளைத் தாங்கப் பெரும்பாலும் போதுமானது. பின்னர் எலும்பு புதிதாக வளர்ந்து தரும் இரண்டாம்நிலை உறுதி அதோடு சேர்ந்துகொள்கிறது. முழுமையான பிணைப்பு ஏற்படாதிருப்பதும் நன்மையே, ஏனெனில் சிகிச்சை முடிந்ததும் திருகாணியை எளிதாகக் கழற்றிவிடலாம்.

எவை நிலைக்கும், எவை கழலும் என்பதை 2003இல் ஜப்பானின் மியவாகி குழு 134 திருகாணிகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, 1 மில்லிமீட்டர் விட்டமுள்ளவற்றில் ஒன்றுகூட ஓராண்டு நிலைக்கவில்லை, 1.5 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை 83.9 விழுக்காடும், 2.3 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை 85 விழுக்காடும் நிலைத்தன. திருகாணியைச் சுற்றிய ஈறு அழற்சி தோல்விக்கு வழிவகுத்ததை அவ்வாய்வு காட்டியது. வாய்த் தூய்மை இதனால் வெறும் அறிவுரையாக நில்லாமல் சிகிச்சையின் பகுதியாயிற்று. திருகாணியின் நீளத்துக்கும் வெற்றிக்கும் அதில் தொடர்பு தென்படாதது, ஆழத்தைவிடப் புறணி எலும்பின் பிடிப்பே முதன்மையானது என்ற கருத்துக்கு இசைவாக இருந்தது.

கழலாதது நகராதது ஆகிவிடாது என்பதை 2004இல் தைவானின் லியூ குழு எடுத்துக்காட்டியது. ஆராயப்பட்ட 16 பேரில் 7 பேருக்குத் திருகாணி, பிடி தளராமலேயே, விசையின் கீழ் 1.5 மில்லிமீட்டர் வரை இடம் பெயர்ந்திருந்ததால், பல்வேர், நரம்பு, இரத்தக்குழாய் ஆகியவற்றிலிருந்து 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டே அதைப் பொருத்த வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது.