ஆகாயப் பிரதக்ஷிணம்: உல்லாசப் பறப்பின் ஈயமும் மின்விமானத்தின் எல்லையும்

திருவண்ணாமலையின் ஸ்தல புராணம் ஒரு பறப்பின் தோல்வியைச் சொல்லித் தொடங்குகிறது. அன்னப்பறவையாய் உருக்கொண்டு, ஜோதியின் முடியைக் கண்டே தீருவதென்று மேலே மேலே பறந்த பிரம்மதேவன், அதைக் காணாமலே களைத்து, தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்குத் துணைசேர்த்துக்கொண்டு இறங்கினான் என்பதும், எட்டாதது என்னும் பொருளிலேயே அம்மலைக்கு அண்ணாமலை என்று பெயர் வழங்குவதாயிற்று என்பதும் யாவரும் கேட்டறிந்த செய்திகளே. விமான நிலையம் இல்லாத ஊர் இது. இவ்வூரில் 'விமானம்' என்றால் கருவறையின் மேல் எழும்பி நிற்கும் கட்டடத்தைத்தான் பெரியவர்கள் நினைப்பார்கள். ஆயினும், பொழுதுபோக்குக்காகவும் பயிற்சிக்காகவும் சிறு விமானங்களில் பறக்கும் வழக்கம் காற்றில் எதை விட்டுச் செல்கிறது, அதனை மின்சாரம் எவ்வளவு தூரம் மாற்றக்கூடும் என்ற இரு கேள்விகளையும் அளந்து பார்ப்பதற்கு இந்த மலையையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

நம் மாகாணத்தில் இவ்வழக்கத்தின் தொடக்கம் வேடிக்கையாகவே நிகழ்ந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் புகழ்பெற்ற ஹோட்டல் ஒன்றை நடத்திவந்த டாஞ்செலிஸ் என்பவர், சிம்ப்ஸன் கம்பெனியின் பட்டறையில் தமக்கென ஒரு விமானத்தைச் செய்வித்து, 1910ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டார். அதற்கு இருபது ஆண்டுகளுக்குள் டெல்லி, பம்பாய் ஆகிய நகரங்களைத் தொடர்ந்து சென்னையிலும் பறப்போர் சங்கம் ஏற்பட்டது. செல்வர்களும் உத்தியோகஸ்தர்களும் வாரக்கடைசியில் 'ஜிப்ஸி மாத்' என்னும் இரட்டை இறக்கை விமானங்களில் ஏறி இறங்கலாயினர். இந்த விளையாட்டை அற்பமென்று தள்ளிவிடுவதற்கில்லை. பம்பாய்ச் சங்கத்தில் ஆசைக்குக் கற்று, 1929 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டாவே, 1932 அக்டோபர் 15ஆம் தேதி கராச்சியிலிருந்து தபாலைச் சுமந்து பம்பாய் வந்தார். அங்கிருந்து அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவருடைய தோழர் நெவில் வின்ஸென்ட். விளையாட்டாய்க் கற்றவர்கள்தாம் பின்னர் வந்த பெருந்தொழிலுக்கு அடிகோலினார்கள்.

டாஞ்செலிஸின் விமானம் எரித்த பெட்ரோலில் ஈயம் இல்லை. அப்படி ஒரு பொருளைச் சேர்க்கலாமென்றே அப்போது எவருக்கும் தெரியாது. எஞ்சினில் எரிபொருள் அகாலத்தில் வெடித்துத் தட்டுவதை நிறுத்தும் சக்தி டெட்ராஎதில் ஈயத்துக்கு உண்டென்று அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தது 1921இல். அதன்பின் விமான எஞ்சின்களின் பலத்தைப் பெருக்கும் போட்டியில் ஈயம் அவற்றின் அன்றாட உணவாகிவிட்டது. இந்தியச் சாலைகளில் ஈயப் பெட்ரோல் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு ஒழிந்தது. ஆனால் பிஸ்டன் எஞ்சின் பூட்டிய சிறு விமானங்களுள் பெரும்பாலானவை இன்றளவும் குடிப்பது 'நூறு எல்.எல்.' என்னும் பெட்ரோலைத்தான். அவ்விரு எழுத்துக்களும் 'குறைந்த ஈயம்' என்பதன் சுருக்கமாம். அந்தக் குறைவோ லிட்டருக்கு 0.56 கிராம் வரை அனுமதிப்பது! மணிக்குச் சுமார் 35 லிட்டர் எரிக்கும் ஒரு செஸ்னா விமானம் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 20 கிராம் ஈயத்தைத் துகளாகத் தூவிச் செல்லக்கூடும் என்று கணக்கிடலாம். நெடுங்காலம் இறக்குமதியாகி வந்த இந்த எரிபொருளை 2022ஆம் ஆண்டிலிருந்து இந்தியன் ஆயில் நிறுவனம் வடோதராவிலேயே தயாரிக்கிறது. சுதேசித் தொழிலின் வெற்றியென்று அதனைக் கொண்டாடினோம், ஈயத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை.

உல்லாசப் பறப்பைக் கண்டிப்பவர்கள் பொதுவாகக் கரியமில வாயுவைத்தான் முன்னிறுத்துகிறார்கள். மேற்சொன்ன செஸ்னா மணிக்கு 75 முதல் 80 கிலோ வரை அவ்வாயுவைக் கக்குவது மெய்யே. எனினும், உலகில் விமானங்கள் எரிக்கும் மொத்த எரிபொருளில் இந்தப் பெட்ரோலின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெரிய ஜெட் விமானங்களின் முன் இது கடலில் கரைத்த பெருங்காயம். ஈயத்தின் கணக்கோ தலைகீழானது: அமெரிக்காவில் காற்றில் கலக்கும் ஈயத்தில் பாதிக்கு மேற்பட்டது இச்சிறு விமானங்களின் உபயம். கலிபோர்னியாவின் ஸான் ஹோஸே நகரத்து ரீட்-ஹில்வியூ தளத்தை அடுத்து வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பது 2021இல் ஆராய்ந்து வெளியிடப்பட்ட பின்னர், அந்த மாவட்ட நிர்வாகம் 2022 ஜனவரி முதல் நாளிலிருந்து அவ்வெரிபொருளின் விற்பனையையே அங்கு நிறுத்திவிட்டது. ஆதலின் சிறு விமானத்தின் முதற்குற்றம் ஈயமே என்பதும், அது உலகம் முழுவதையும் அல்லாமல் தளத்தைச் சுற்றியுள்ள நாலைந்து தெருக்களையே பெரிதும் தாக்குவது என்பதும் என் துணிபு.

மின்விமானத்தை நேற்றுப் பிறந்த புதுமையென்று எண்ணுவோர் பலர். மின்சாரத்தால் பறப்பது பெட்ரோல் விமானத்துக்கு மூத்தது. 1884 ஆகஸ்ட் 9ஆம் தேதி, ரெனார், கிரெப்ஸ் என்ற இரு பிரெஞ்சு இராணுவ அதிகாரிகள் மின்கலங்களால் இயங்கும் 'லா பிரான்ஸ்' என்னும் வான்கப்பலில் ஏறி, சுமார் எட்டுக் கிலோமீட்டரை 23 நிமிஷங்களில் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினர். ரைட் சகோதரர்கள் பறந்ததோ 1903இல்தான். அந்தக் கப்பலைத் தொலைதூரம் போகவிடாமல் தடுத்தது மின்கலங்களின் பாரம். 1973இல் ஆஸ்திரியாவில் மனிதனைச் சுமந்த முதல் மின்விமானம் பத்து நிமிஷங்களுக்குச் சற்று அதிகமாகவோ குறைவாகவோதான் பறக்க முடிந்ததற்கும் அதுவே காரணம். ஐரோப்பாவில் 2020 ஜூன் மாதத்தில் முழு அங்கீகாரம் பெற்ற முதல் மின்விமானமாகிய ஸ்லோவீனிய நாட்டு 'வெலிஸ் எலெக்ட்ரோ' சுமார் 50 நிமிஷங்களில் தரையிறங்கிவிடுவதற்கும் வேறு காரணமில்லை.

இங்கே சிறிது கணக்கு வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 யூனிட் சக்தி அடங்கியிருக்க, ஒரு கிலோ மின்கலத் தொகுதியில் அடங்குவது 0.2 யூனிட் அளவே. எஞ்சின் தன் சக்தியில் முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்குவதையும் மின்மோட்டார் பத்தில் ஒன்பது பங்கைப் பயனாக்குவதையும் கழித்துப் பார்த்தாலும், பெட்ரோலின் கை பதினைந்து மடங்குக்குக் குறையாமல் ஓங்கியே நிற்கிறது. போதாக்குறைக்கு, பெட்ரோல் எரிய எரிய விமானம் இலேசாகிறது. மின்கலமோ காலியானாலும் எடை குறையாது. இதனை நம் மலையில் பொருத்திப் பார்ப்போம். வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்துத் தளத்திலிருந்து அண்ணாமலைக்கு ஆகாய வழி சுமார் 75 கிலோமீட்டர்; போய்வர 150. மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் 50 நிமிஷம் பறக்கும் வெலிஸ் 140 கிலோமீட்டரைக்கூடத் தாண்டாது. இருபதாம் நூற்றாண்டின் பழைய செஸ்னா மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிம்மதியாய்த் திரும்பும் தூரம், இருபத்தோராம் நூற்றாண்டின் மின்விமானத்துக்கு இன்னும் எட்டாதது.

இதைக் கண்டு மின்விமானம் பயனற்றது என்று முடிவுகட்டுவது அவசரம். விமானம் கற்பவன் தன் ஆரம்பப் பயிற்சியின் பெரும்பகுதியைக் கழிப்பது யாத்திரையில் அன்று, பிரதக்ஷிணத்தில். ஓடுபாதையிலிருந்து எழும்பி, சுமார் ஆயிரம் அடி உயரத்தில் தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கிய வேகத்திலேயே மறுபடி எழும்புகிறான். ஒரு வலம் ஐந்தாறு நிமிஷங்களில் முடிகிறது. ஒரே தெருக்களின் மேல் ஈயமும் இரைச்சலும் திரும்பத் திரும்ப இறங்குவது இந்தச் சுற்றினால்தான். மின்கலத்தின் 50 நிமிஷம் தாராளமாகப் போதுவதும் இந்தச் சுற்றுக்குத்தான். நோய் எங்கே செறிந்திருக்கிறதோ அங்கேயே மருந்தும் பலிக்கிறது. ஆகையால் சுற்றுலாவுக்கு மின்விமானம் விடுவோமென்று முழங்குவதை விட்டு, பயிற்சித் தளங்களிலிருந்து தொடங்குவதே விவேகம்.

பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் 1993இல் முதன்முதல் பறக்கவிட்ட இரட்டை இருக்கைப் பயிற்சி விமானத்துக்கு 'ஹன்ஸா', அதாவது அன்னம், என்றே பெயர். அதில் பூட்டிய ரோட்டாக்ஸ் வகை எஞ்சின் ஈயமற்ற பெட்ரோலிலேயே ஓடவல்லது என்பதால், மின்சாரத்துக்குக் காத்திராமல் ஈயத்தை விரட்டும் வழி நம் கையிலேயே இருந்திருக்கிறது. அதன் மின்சார வடிவமாகிய 'ஈ-ஹன்ஸா'வை ஆக்கப்போவதாக 2025இல் மத்திய அரசு அறிவித்தது. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியில் பிறப்பது, யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொண்டால், மின்பயிற்சி விமானத்தின் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 20 கிலோ ஆகும். ரோட்டாக்ஸ் பூட்டிய விமானத்துக்கு அதுவே 40 கிலோ. பாதிதான் மிச்சம், காற்றாலையும் சூரியசக்தியும் பெருகப் பெருக மிச்சம் கூடும்.

கோடைதான் இனிக் கவனிக்க வேண்டியது. மின்கலம் பறக்கும்போதும் சூடேறும், சக்தி ஏற்றும்போதும் சூடேறும். இரண்டுக்கும் நடுவே ஆற வேண்டும். குளிர்நாட்டில் ஒரு நாளில் இத்தனை சுற்று என்று போட்ட கணக்கு, சித்திரை வெயிலில் எவ்வளவு தேறும் என்பதை நம் நாட்டிலேயே பரீட்சித்துத்தான் அறியவேண்டும். அதற்கு வேலூர் வெயிலைவிடப் பொருத்தமான பரீட்சைக்களம் கிடைப்பது அரிது.